ஏழாம் குழாயில் விளைந்த படிகங்கள்

அன்புள்ள கணவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். கடல் அமைதியாக இருக்கிறது என்று கப்பல் அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்குத்தான் அமைதி இல்லை. அதனால் நலம் விசாரிப்பதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்று வருடமாக நான் ஆராயும் ஏழாம் குழாய் நினைவிருக்கும். கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடியில் நீங்களே குழாயைக் குத்தி எடுத்த சேறு. அதில் கண்ணாடிச் சில்லுகள் போல ஜிப்சம் படிகங்கள் இருந்தன. கடலுக்கடியிலேயே, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் விளைந்தவை என்று ஆய்வேட்டில் எழுதினேன். பேராசிரியர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

நீங்கள் கப்பலேறிய மறுவாரம், அதே இடத்தில் எடுத்து இதுவரை திறக்காத எட்டாம் குழாயை வெட்டினேன். ஒரு படிகம்கூட இல்லை. காற்றே புகாத அந்தக் கருஞ்சேற்றில் இருந்தது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்து கடலடியில் உண்மையாகவே விளைந்த பொடி மணிகள். ஒரு கரண்டி சேற்றை மேசைமேல் தட்டில் வைத்தேன். காற்றுப் பட்டதும் பைரைட்டிலிருந்து அமிலம் கிளம்பி, சேற்றிலிருந்த சிப்பித்தூளைக் கரைத்து, நாலு வாரத்தில் என் கண்ணெதிரே ஜிப்சம் முளைத்துவிட்டது. பல ஆயிரம் வருடப் பழமை என்று நான் எழுதியது, குழாய்களை அடுக்கி வைக்கும் நம் கிடங்கில் விளைந்த சரக்கு!

கிடங்குக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், திருதிருவென்று விழித்தார். “உங்க வீட்டு சார்தான் ஏழாம் குழாயைப் பிரிச்சுப் போட்டோ எடுத்துட்டு மூடாமலே லீவுல போயிட்டாரும்மா. ரெண்டு மாசம் கழிச்சு வந்துதான் டேப் சுத்துனாரு. உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரே” என்றார்.

மறதி யாருக்கும் வரும். டேப் சுற்றியதுதான் எனக்கு ஆறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நான் எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தித் தந்தீர்களே! எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

வரும் திங்கட்கிழமை ஆய்வேட்டைத் திரும்பப் பெறுகிறேன். பட்டம் போனால் போகட்டும். பேராசிரியர் காரணம் கேட்பார். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லாமல் இருந்தால் நானும் உங்களைப் போலத்தான்.

அங்கே எடுக்கும் குழாய்களை உடனே மூடிக் குளிரறையில் வையுங்கள். வடம் இழுக்கும்போது கையுறை போடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். நடந்ததைப் பேராசிரியருக்கு நாலு வரி எழுதி, இந்தக் கடிதம் கொண்டுவரும் படகிலேயே அனுப்புங்கள். அப்பா எப்போது வருவார் என்று பாப்பா தினமும் கேட்கிறாள். அந்த நாலு வரியைப் படித்த பிறகு அவளுக்குத் தேதி சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி