அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன்

என் பிரியமுள்ள சாந்தா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. திருச்செங்கோட்டு வீட்டில் மாமா தானே சமைத்துக்கொள்கிறார். அவர் வைக்கும் ரசத்தைத்தான் வாயில் வைக்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "என் தம்பி மருந்துக்குக் கணக்குப் போடறான்" என்று ஊரெல்லாம் சொல்வாயே, அந்தக் கணக்கைப் பற்றித்தான். ஒரு மருந்து எவ்வளவு நல்ல வாழ்வைக் கூட்டித் தரும் என்று கணினியில் மாதிரி அமைத்துப் பார்ப்போம். ஓராண்டைச் சிரமமில்லாமல் வாழ்ந்தால் அதை முழு ஆண்டாக எண்ணுவோம். மூச்சு வாங்கிக்கொண்டே வாழ்ந்தால் அதில் குறைப்போம். எவ்வளவு குறைப்பது என்பதை நோயாளிகளிடமே கேட்டு எழுதுவோம்.

நூல்மில் பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டவர்களிடம் கேட்கப் போனபோது, அதே மில்லில் வேலை பார்த்த உன்னிடமும் கேட்டேன்.

"நடக்கச் சிரமமா இருக்குதாக்கா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல சாமி, நல்லாத்தான் இருக்கறேன்."

"ஊட்டு வேலை?"

"நாஞ் செய்யாம ஆரு செய்வா? நீ மொதல்ல சாப்புடு."

'சிரமம் இல்லை' என்று உன் தாளில் குறித்துக்கொண்டேன். குடத்தை இறக்கிவிட்டு நீ சுவரைப் பிடித்து நின்றதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எல்லோரும் உன்னைப் போலத்தான். வீடு தேடி வந்தவனுக்குக் காப்பி கொடுத்து, "நல்லாருக்கறனுங்க" என்றார்கள். இப்போது கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? இவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லையாம், நுரையீரலுக்கு வந்திருக்கும் புது மருந்தால் பெரிய நன்மையும் இல்லையாம். வியாழக்கிழமை சென்னையில் கூட்டம். அறிக்கையை ஏற்றுக்கொண்டால் அந்த மருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு வராது.

எல்லோரும் சிரமத்தை மறைத்துத்தான் சொன்னார்கள் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "அவங்க சொன்னதத்தானே எழுதுனீங்க, அப்பறம் என்ன பயம்?" என்றார். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. உன் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் அதே இருமலோடு இருக்கிறார்கள்.

என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? நான் கலங்கிவிடுவேன் என்றா? அல்லது நான் கேட்ட விதம்தான் சரியில்லையா?

போன வாரம் மாமாவிடம் வேறு மாதிரி கேட்டேன். "ஊட்டுலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்குள்ள அக்கா எத்தன எடத்துல நிக்கும்?"

மாமா யோசிக்கவே இல்லை. "நாலு எடம் மாப்ள. கடைசியா டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்குவா."

இவ்வளவுதான் அக்கா. இதைக் கேட்க எனக்கு நீ சாக வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை எழுந்து நிற்பேன். கணக்கு தப்பு, கேள்வியை மாற்றி மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும் என்பேன். வேலை போனால் போகட்டும். எந்தத் தாள் தப்பு என்று கேட்பார்கள். உன்னுடையதை எடுத்து வைத்து, "இது என் அக்கா. இவள் நன்றாக இல்லை" என்று சொல்வேன்.

நீ சொன்னதை நம்பியதுபோல் நடித்த
உன் தம்பி,
குமரேசன்