கட்டைவிரல் மறைத்த சொல்

போடி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நிலவனுக்கு, அம்மா முனீஸ்வரி சொல்ல உன் தங்கை பவதாரணி எழுதுவது. இங்கே மூவரும் இருக்கிறோம். ஓசூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்டு முடிந்ததும் நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் மாத்திரைக்காக மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பஸ்சில் நல்ல கூட்டம். கண்டக்டர் வந்ததும் அப்பா டிக்கெட் சலுகைக்கான மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டினார், எப்போதும்போல என்ன நோய் என்று போட்டிருக்கும் வரியில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு. கண்டக்டர் புது ஆள். மேலும் கீழும் பார்த்து, "கை காலு நல்லாத்தானே இருக்குண்ணே, யாரு அட்டை இது? வெரலை எடுங்க" என்றார். அப்பா எடுக்கவில்லை. "அவரு அட்டைதான் தம்பி, போட்டோ இருக்குல்ல" என்றேன் நான். பின் சீட்டில் ஒருத்தர், "நமக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்கண்ணே, சோலியை விட்டுட்டு ஊரு சுத்துவோம்" என்றதும் பஸ்சே சிரித்தது. கோடாங்கிபட்டியில் வண்டி நின்றதும் அப்பா இறங்கிவிட்டார், நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். போடி வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தோம். அன்றிலிருந்து பஸ்சு என்றாலே, "நான் வரலை, நீ வேணா போ" என்கிறார். ஆளைப் பார்க்காமல் டாக்டர் மாத்திரை தர மாட்டார். கையில் இருக்கும் மாத்திரை அடுத்த வியாழன் காலை வரைதான். மாதாமாதம் இரண்டு பேருக்கு முழு டிக்கெட் எடுத்துப் போய்வர நம்மால் ஆகாது. போன வருடம் பத்து நாள் மாத்திரை விட்டுப்போனது உனக்கு நினைவிருக்கும், ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போய், எந்தத் தோட்டம் என்று தெரியாமல் போடிமெட்டுப் பனியில் நின்றவரை சுருளி மாமாதான் கூட்டிவந்தார். இப்போது நான் ஏலக்காய் எடுப்புக்கு மலையேறும்போது, ஒவ்வொரு வளைவிலும் கீழே ரோட்டில் அவர் நடந்து வருகிறாரா என்றுதான் பார்க்கிறேன்.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே ராசா. அட்டை வந்த அன்று நீதான், "அந்த எழுத்துத் தெரியாமக் காட்டுங்கப்பா, பஸ்சுல நம்மூர் ஆளுக இருப்பாக" என்றாய். உனக்குப் பெண் பார்க்கிற நேரம், பயம் எனக்கும் இருந்தது, அதனால் நானும் சும்மா இருந்துவிட்டேன். நீ ஒரு தடவை சொன்னதை அவர் இரண்டு வருடமாக அப்படியே செய்கிறார். நான் சொல்லி விரலை எடுக்க மாட்டார், நீ சொன்னால் எடுப்பார். மனநோய் என்று எழுதியிருப்பதால்தானே அது அவருடைய அட்டை? கண்டக்டர் படிக்கட்டும், படிக்காவிட்டால் நானே வாய்விட்டுச் சொல்கிறேன்.

கடிதம் கண்டதும் அப்பாவுக்குப் போன் போடு. நான் எழுதியதாகச் சொல்லாதே. புதன்கிழமை தாண்டக்கூடாது, மறந்துவிடாதே. பனி நேரம், தலையில் துணி கட்டாமல் நைட் ஷிப்டு போகாதே. நோய்நொடி இல்லாமல் நல்லா இரு.

உன் அம்மா,
முனீஸ்வரி

அண்ணே, இது மட்டும் நான். இன்று அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் புதுசுபோல இருக்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்திருக்கிறது. இன்னும் படிக்க முடிகிறது. வெரசாப் போன் பண்ணுண்ணே.
பவதாரணி