ஆறாம் ஓடை

மே 9
காலையிலிருந்து மழை. அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "தவளை எண்ணத்தான் உன்ன இவ்வளவு படிக்க வச்சேனா?" கடைசியில், "வழுக்கி விழுந்துடாம எண்ணு." இந்தத் தவளை உலகத்திலேயே இந்த மலையின் ஆறு ஓடைகளில் மட்டும்தான் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

மே 10
முதல் ஓடையில் கல்லுக்குக் கல் செத்த தவளைகள், மல்லாந்து. தொட்டால் தோல் உரிந்து கையுறையோடு வருகிறது. முகாமில் நாங்கள் இரண்டே ஆராய்ச்சியாளர்கள். பேசுகிற வேலை முழுக்க இன்னொருவனுடையது, நான் தாடி என்று கூப்பிடும் பையன். இன்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மே 17
இரண்டாம் ஓடையிலும் அதே கதி. ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது: தோலைத் தின்னும் பூஞ்சை. ஈரத்தில் பரவும். ஓடைக்கு மருந்து கிடையாது.
"மத்த ஓடையெல்லாம் தப்பிச்சுடும்லக்கா?" என்றான் தாடி.
"தெரியலடா."

மே 24
மூன்றும் போயிற்று.

மே 30
நான்கு முழுசாக. ஐந்தில் பாதி. தாடி மளிகை வாங்கக் கீழே நகரத்துக்குப் போயிருக்கிறான். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் ஓடை மலைக்கு அந்தப் பக்கம். இரண்டாம் ஓடைத் தண்ணீர் அங்கே போக வழியே இல்லை. பிறகு நோய் எப்படி மலை ஏறி இறங்கியது?

ஒன்று, இரண்டு, மூன்று — நாங்கள் போய்வந்த அதே வரிசை.

வாசலுக்கு ஓடினேன். ஓடைக்குப் போய் வந்ததும் பூட்ஸை முக்கி எடுக்கிற மருந்து வாளியில் மூக்கை வைத்தேன். நெடியே இல்லை. வெறும் சேற்றுத் தண்ணீர். பிளீச்சிங் பவுடர அவன் மாத்துவான்னு நான் இருந்தேன். நான் மாத்துவேன்னு அவன் இருந்திருப்பான். எத்தனை வாரமா? ஐயோ, நாங்கதான். நாங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கோம், வீடு வீடா.

மே 31
ஆறாம் ஓடை! பாதை சரிந்து கிடப்பதால் இந்த மழைக்காலத்தில் அங்கே நாங்கள் போகவே இல்லை. மேட்டில் நின்று கேட்டேன். என்ன கூச்சல்! கல்யாண வீடு தோற்றுவிடும். எப்போதுமே அப்படித்தான், அந்த இரைச்சலில் தண்ணீர்ச் சத்தம் காதில் விழாது. நின்றபடியே அழுதேன்.

இனி அங்கே ஒரு கால் படக்கூடாது. தாடியிடம் சொல்ல வேண்டும். அவன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

ஜூன் 1
இன்னும் கிடைக்கவில்லை.

ஜூன் 2
மதியம் தாடி வந்துவிட்டான், முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து முதலில் எடுத்தது பிளீச்சிங் பவுடர் டப்பா. "நம்ம ரெண்டு பேருமே மறந்துட்டோம்க்கா." பிறகு போனை என் காதில் வைத்தான். தவளைக் கூச்சல்.

"எந்த ஓடைடா இது?"

"ஆறாவதுதான்! நீங்க சாப்பிடாமகூட உக்காந்திருந்தீங்களா, ஒரு நல்ல சேதியாவது கொண்டுவரலாமேன்னு பின்பக்கமா ஏறி வந்தேன். எல்லாம் ஜம்முனு இருக்குதுக்கா. உள்ளயே இறங்கிப் பாத்துட்டேன்."

முழங்கால் வரை ஈரம். ஐந்தாம் ஓடையில் போட்டிருந்த அதே பூட்ஸ். இந்த மழையில் அது எங்கே காய்ந்திருக்கும்?

விஷயத்தைச் சொன்னேன். கையில் டப்பாவோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். திட்ட மனம் வரவில்லை. எனக்காகத்தானே போனான்.

ஜூலை 8
மழை விட்டிருக்கிறது. வாளியைத் தினமும் தாடிதான் மாற்றுகிறான். நெடி சமையலறை வரை அடிக்கிறது. சாயங்காலம் இருவரும் ஆறாம் ஓடை மேட்டுக்குப் போனோம். கீழே இறங்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.