மருமகள் வாசித்த என் சோலோ

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறோம், அங்கே நீயும் சளி கிளி பிடிக்காமல் இருந்தால் சரி. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்கிறானே தவிர வரக் காணோம், நானே துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது நான் பேச வரவில்லை என்று வருத்தப்பட்டாயாம். வேண்டுமென்றேதான் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், வழக்கம்போல பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காமல் ஒரு இடத்தில் உட்கார்ந்து படி.

என் காது விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். கோலால் அடித்து வாசிக்கிற என் வைப்ரஃபோனில் மேல்சுரத்துச் சின்ன உலோகப் பட்டைகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போயின, அடித்தால் கோல் படுகிற டொக்கு மட்டும் கேட்கும், சுரம் கேட்காது. காதுக்கருவி வைத்தால் பேச்சு புரிகிறது, இசை மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஆகிவிடுகிறது, அதனால் மேடை ஏறும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஆனாலும் காலைப் பயிற்சியை நான் விட்டதில்லை, எந்தப் பட்டை எங்கே என்று கைக்குத் தெரியும், காது போனால் போகட்டும் என்றிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் நம் குழு வாசிப்பதும் நிற்கவில்லை, உன் தம்பி டிரம்ஸ், அவன் மனைவி கீபோர்டு, பாஸ் கிடாருக்கு அந்த நெட்டையன். கொஞ்ச காலமாக எனக்குக் கைதட்டல் கூடியிருந்தது. முன்மேசைக்காரர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோய், காது போனபிறகுதான் வாசிப்பு கூடிவருகிறது என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் துணி மடிப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

நீ போன் செய்வதற்கு முந்தின சனிக்கிழமை, நான் தனியாக வாசிக்கும் சோலோ நடுவில், பிடித்திருந்த நாலு கோலில் ஒன்று கைநழுவி வாத்தியத்துக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிந்து தேடினேன். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் முன்மேசை ஆள் இன்னும் விரலால் தாளம் போட்டபடி தலையாட்டிக்கொண்டிருக்கிறான், யாருக்கும் எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மருமகளின் வலது கை கீபோர்டின் மேல்கோடியில் ஓடிக்கொண்டிருந்தது. என் சோலோவில் அந்தக் கைக்கு அங்கே என்ன வேலை? என் பட்டைகளுக்கு மேல் தொங்கிய மைக்கில் விளக்கு எரியவில்லை, அணைத்து வைத்திருக்கிறார்கள். கீபோர்டுக்குள் வைப்ரஃபோன் சத்தத்தை வைத்து அவள்தான் நானாக வாசித்துக்கொண்டிருந்தாள். போன மாதம் உன் தம்பி கம்பளி நூல் தடியாகச் சுற்றிய கோல்கள் வாங்கித் தந்தானே, இந்த ஹாலுக்கு இதுதான் பொருந்தும் என்று, அது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. அவற்றால் அடித்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள், விரலைப் பார்த்தாலே தெரியும் எனக்கு.

நான் கத்தவில்லை. அடுத்த பாட்டில் என் சோலோ வந்ததும் நாலு கோலையும் பட்டைமேல் படுக்கவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றேன். அவளுக்கு நிறுத்தவும் முடியவில்லை, வாசிக்கவும் முடியவில்லை. வேடிக்கை என்று நினைத்து முதலில் ஹாலில் சிரித்தார்கள். குழுத்தலைவன் நான்தானே, விரலைச் சுழற்றி இன்னொரு சுற்று என்று காட்டினேன். வாசித்தாள். மறுபடியும் சுழற்றினேன். அதற்குள் சிரிப்பு நின்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் முகமெல்லாம் கண்ணீர், துடைக்கக் கை ஒழியவில்லை. மறுபடியும் சுழற்றினேன். கடைசியில் உன் தம்பி குச்சியைக் கீழே எறிந்துவிட்டு எழுந்து நின்றான், அதன்பிறகுதான் முடிந்தது. எனக்கு அப்போது கொஞ்சமும் பாவமாக இல்லை. இப்போதும் இல்லை.

வீட்டுக்கு வந்து கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, இப்போது சொல்லுங்கள் என்றேன். மருமகள், "உங்க கையைப் பார்த்துதான் மாமா வாசிச்சேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டா பார்த்தாய் என்று கேட்டேன். உன் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்காதான்பா சொன்னா. அவருக்குத் தெரியாம பாத்துக்கோங்க, இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு."

இருந்துட்டுப் போகட்டும். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை வழியனுப்பிவிட்டாய். உன் அம்மாவுக்கும் முன்பே தெரியுமாம். தம்பியும் அவன் மனைவியும் மறுநாளே தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஹோட்டல்காரர்கள் அவர்களை வைத்துக்கொண்டார்கள், என்னை அல்ல. மேனேஜர் மட்டும் ஆள் அனுப்பி, வைப்ரஃபோன் மேடையில் பார்க்க அழகாக இருக்கும், ஓரமாக நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வந்தவனைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

இனி இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் பரிதாபப்பட வேண்டாம். ஆகவே உனக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒழுங்காகக் காது கேட்டபோது நீ கடைசியாக அனுப்பிய பியானோ கச்சேரிப் பதிவு இருக்கிறதே, பிரமாதம் என்று சொன்னேனே, அது பிரமாதம் இல்லை. உன் இடது கை பின்தங்குகிறது, அதை மறைக்கச் சுரத்தை நீட்டுகிற பெடலைக் காலால் அழுத்தியே வைத்திருக்கிறாய், சுரமெல்லாம் ஒன்றோடொன்று குழைந்து புகைமூட்டமாகக் கேட்கிறது, கேட்கிறவர்கள் அதை அழகு என்று எண்ணிக் கைதட்டுகிறார்கள். ஊர்விட்டு ஊர் போய்த் தனியாகக் கிடக்கிறாளே என்று பரிதாபப்பட்டு அப்போது பொய் சொன்னேன். அந்தப் பரிதாபத்தை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் வாசித்து நல்லபடி வாழ வேண்டும், இது மனதாரச் சொல்வது. எனக்காகத் தம்பியிடம் சண்டை போடாதே, எனக்குப் பதிலும் எழுதாதே. ஒரு மாதம் பெடலில் காலே வைக்காமல் பயிற்சி செய். எவ்வளவு வறட்டுத்தனமாக இருக்கிறதென்று உனக்கே கேட்கும், உனக்குத்தான் காது இருக்கிறதே.

இப்படிக்கு,
அப்பா