முதல் சல்யூட்டுக்கு ஒரு வெள்ளி டாலர்

24 மே 2021, திங்கள்

காலையிலிருந்து ஷெல்பி மடிக்கணினியை விட்டு எழவில்லை. வெள்ளி டாலரை மறுபடியும் அடிக்கிறார்களாம். நூறு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய அதே மோர்கன் டாலர், அதே பெண் முகம், அதே கழுகு. ஊர் உலகமே இணையத்தில் முண்டியடிக்கிறது போலிருக்கிறது, திரை அசையவே இல்லை. ஒருவழியாக மத்தியானம் ஒன்று கிடைத்துவிட்டதென்று கத்தினாள். கார்சன் சிட்டி நாணய ஆலையின் 'சிசி' எழுத்துப் போட்டது. நம் ஊர் எழுத்து.

எதற்கடி உனக்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"டிசம்பர்ல எனக்கு லெப்டினன்ட் பட்டை குத்துவாங்கல்ல? முதல் சல்யூட் அடிக்கிறவங்களுக்கு வெள்ளி டாலர் குடுக்கணும். அது நீதாம்மா. வேற யாரு?"

சரி என்றேன். ஓய்வு பெற்ற சார்ஜண்ட் அம்மாவுக்கு இதைவிடப் பெருமை உண்டா என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு ஏற்றிவிட்டாள். மாலை கேசினோ வேலையில் ஆட்டக்காரர்களுக்குச் சீட்டுப் போடும்போது ஒரு சீட்டு மல்லாந்து விழுந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

26 மே

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது அடங்குமா பார்க்கலாம்.

2003. ஹாலோவே. பக்கத்து ஊர் ஃபெர்ன்லிப் பையன், மீசைகூடச் சரியாக வளராத முகம். எங்கள் லாரிப் பிரிவுக்குப் புது லெப்டினன்டாக வந்தான். பட்டை குத்தி வெளியே வந்ததும் அவனுக்கு முதல் சல்யூட் அடித்தவள் நான். கைகுலுக்கும்போது உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்த டாலரை என் கையில் அழுத்தினான். 1921-இல் அடித்தது, அவன் தாத்தாவுடையது. விளிம்பில் ஒரு வெட்டு. தொலைச்சிடாதீங்க சார்ஜண்ட் என்றான்.

அடுத்த வசந்தத்தில், பாக்தாத் சாலையில், எனக்கு முன்னால் போன வண்டி அவனுடையது. வெடித்ததும் நான்தான் ஓடினேன். அவன் தலை என் மடியில் இருந்தது. கடைசிவரை இருந்தது.

இதற்கு மேல் முடியவில்லை. அந்த டாலர் இன்னும் காலுறை டிராயரில் அடியில் கிடக்கிறது. சின்ன வயதில் ஷெல்பி அதை எடுத்து விளையாடுவாள், பிடுங்கி வைப்பேன். யாருடையது என்று கேட்பாள். ஒரு நண்பர் கொடுத்தது என்பேன்.

என் சல்யூட் பட்டவன் போய்விட்டான். இப்போது என் மகளாம். அதே நாணயமாம்.

12 ஜூன்

ஓர்வில் கடைக்குப் போனேன். பழைய நாணயம் விற்பவன், பழைய ராணுவக்காரன், வாய் மட்டும் புதுசு. புது மோர்கனைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டான்.

"நம்ம ஊர் எழுத்தைப் போட்டு பிலடெல்பியாவுல அடிக்கிறான். நம்ம டாலர் ஆலை மியூசியமாகி எத்தனை காலமாச்சு! உன் பேரை எழுதி ஒட்டி வேற எவனோ சமைச்ச சூப்பை உனக்கே விக்கிற கதைதான் சார்ஜண்ட்."

சிரித்தேன். பிறகு அவன் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. இந்தப் பக்கத்து மலையிலிருந்து தோண்டிய வெள்ளிக்காகவே பிறந்த காசாம். முதல் உலகப் போர் சமயத்தில் இருபத்தேழு கோடி டாலரை உருக்கித் தள்ளினார்களாம். முடிந்தது என்று நினைத்தால் 1921-இல் மறுபடி. அதையும் நிறுத்திப் பெட்டகத்தில் மூட்டை மூட்டையாகப் போட்டு மறந்தார்களாம். அறுபதுகளில் சனங்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்களாம். இப்போது மறுபடி. "உருக்கினாலும் வரும், பூட்டினாலும் வரும், இதுக்குச் சாவே கிடையாது" என்றான் பெருமையாக.



26 ஆகஸ்ட்

காபூல் விமான நிலையத்தில் குண்டு. நம் பிள்ளைகள் பதின்மூன்று பேர். தொலைக்காட்சியை அணைத்தேன். ஷெல்பி வந்து மறுபடி போட்டாள். நின்றபடியே பார்த்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

3 செப்டம்பர்

ஓர்வில் காலில் விழாத குறை. எனக்குப் பதிலாக அந்த முதல் சல்யூட்டை நீ அடித்துவிடு, நீயும் ராணுவத்தில் இருந்தவன்தானே, எனக்கு முதுகுவலி என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஏன் என்றான். ஹாலோவேயைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"ரோவீனா, அந்தப் புள்ள உன்னைப் பாத்துத்தான் இந்த வேலைக்கே போவுது. நான் போய் நின்னா என்ன நினைக்கும்?"

என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

20 அக்டோபர்

வந்துவிட்டது. நீலப் பெட்டி, உள்ளே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அந்த முகத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சராம். ஷெல்பி எங்கோ படித்திருக்கிறாள். "வீட்டுப்பாடம் எழுதலைன்னா முறைக்கிற மூஞ்சிம்மா" என்று சிரித்தாள். என் கையில் வைக்க வந்தாள். மாவுக்கை என்று சொல்லி விலகினேன். என் கையில் மாவே இல்லை. அவள் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

என்னடி பெண்ணே நான் செய்துகொண்டிருக்கிறேன்.

21 அக்டோபர்

ஷெல்பி முகங்கொடுத்துப் பேசவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நான் ஆபீசர் ஆகிறது உனக்குப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடும்மா" என்றாள்.

எழுந்து வாசலுக்கு வந்தேன். அவள் கார் போய்விட்டது.

9 நவம்பர்

முடிவு செய்தேன். ஹாலோவேயின் டாலரை அவனிடமே திருப்பிவிடுவது. அது என் வீட்டில் இருக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

அவனைப் புதைத்த ஃபெர்ன்லி ராணுவக் கல்லறைக்கு இதுவரை நான் போனதில்லை. அங்கே ஒரு வழக்கம். சும்மா பார்க்க வந்தவர் கல்லின்மேல் ஒரு சென்ட் வைப்பார். கூடப் பயிற்சி எடுத்தவர் ஐந்து, கூடப் பணியாற்றியவர் பத்து. உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவர் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்து சென்ட்டை வைக்க வேண்டியவள் நான். அதனால்தான் போகவில்லை. அவன் அம்மா வருவாளே. அதைப் பார்த்தால் யார், என்ன, கடைசியாக என்ன சொன்னான் என்று தேடுவாளே. நான் என்ன சொல்வேன்? அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டையைப் பிடித்திருந்தான், அவ்வளவுதான்.

இன்றும் இருபத்தைந்து சென்ட் வைக்கவில்லை. டாலரை மட்டும் கல்லின்மேல் வைத்தேன். எழுந்தபோது என்னையறியாமல் இரண்டு கையையும் தட்டி விரித்துக் காட்டினேன். மேசையை விட்டு எழும்போது கேசினோவில் எல்லாரும் செய்வதுதான், கையில் எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று கேமராவுக்குக் காட்ட. கல்லறையில் யாருக்குக் காட்டினேனோ தெரியவில்லை.

வரும் வழியெல்லாம் காரில் பாட்டுப் போட்டேன். லேசாக இருந்தது. ஷெல்பிக்கு போன் பண்ணி, டிசம்பருக்கு என் பழைய யூனிபாரத்தைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப்போகிறேன், இடுப்பு பெருத்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

11 நவம்பர்

ஷெல்பியும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் இன்று எங்கோ கொடி நடப் போனார்களாம். படைவீரர் தினம். வந்தவள் சீக்கிரம் படுத்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

9 டிசம்பர்

நாளைக்கு. யூனிபாரம் கதவில் தொங்குகிறது.  டாலர்தான் போய்விட்டதே, இன்னும் எதற்குப் பயம்? பயத்துக்கு அது தெரியவில்லை.

10 டிசம்பர், வெள்ளி

கையெழுத்துக் கோணுகிறது. பரவாயில்லை.

பட்டை குத்தினார்கள். வெளியே வந்தாள். எதிரே நின்றேன். சல்யூட் நேராகவே போனது. இருபது வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்துவிட்டது. அவளும் அடித்தாள். கையை நீட்டினாள். குலுக்கினேன். உள்ளங்கையில் காசு அழுந்தியது.

புதுக்காசு இல்லை. தேய்ந்த காசு. பெருவிரல் விளிம்புக்குப் போயிற்று. வெட்டு.

 கையை இழுத்தேன். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  போட்டோ எடுப்பவர்கள் சிரியுங்கள் சிரியுங்கள் என்கிறார்கள்.

"கல்லறையில கொடி நட எனக்குக் கிடைச்ச வரிசை அது. ஹாலோவேங்கிற பேரைப் பாத்தேன். மேல உன் டாலரைப் பாத்தேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஓர்வில் மாமாவைப் போட்டு உலுக்கி எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

கல்லறைக் காசை எடுக்கலாமாடி என்றேன். பைத்தியம் மாதிரி அதுதான் வாயில் வந்தது.

"சும்மா எடுக்கலம்மா. என் புதுசை அங்க வெச்சிட்டு வந்தேன். அவர் இதை உனக்கு மரியாதைக்குக் குடுத்தாரு. நீ திருப்பிக் குடுத்தா அவர் பாவமில்லையா?"

பிறகு சொன்னாள்: "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. நீ மட்டும் தனியா வெச்சிருக்காதே."

அத்தனை பேர் முன்னால் அழுதேன். சார்ஜண்டாவது ஒன்றாவது.

30 மே 2022, திங்கள்

போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். ஷெல்பி வர்ஜீனியாவில் லாரிப் பிரிவுப் பயிற்சியில் இருக்கிறாள். அடுத்து எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் பயம் வருகிறது. அது மாறவில்லை, மாறாது என்று இப்போது தெரிகிறது. பழைய டாலர் என் சட்டைப் பையில் இருக்கிறது.

காலையில் ஃபெர்ன்லிக்குப் போனேன். புது டாலர் அங்கே இல்லை. காவலாளிகள் அவ்வப்போது காசுகளைப் பொறுக்கிப் பராமரிப்புக்குச் சேர்த்துவிடுவார்களாம். கல் வெறுமையாக இருந்தது.

இருபத்தைந்து சென்ட் ஒன்றை வைத்தேன். கையை விரித்துக் காட்டவில்லை. அங்கேயே புல்லில் உட்கார்ந்தேன்.

பத்து மணி வாக்கில் தலை நரைத்த ஒரு அம்மாள் பூக்களோடு வந்தாள். கல்லைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஓடிவிடவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன், உட்கார்ந்தாள்.