சூரியன் மேல் ஒரு சாக்கு

1957 செப்டம்பர் 8, ஞாயிறு

பூசைக்கு என் வீட்டுக்காரரும் வந்தார். ஈஸ்டரிலிருந்து சாராயம் தொடவில்லை என்கிறார். மாதா முன்னால் அவர் சத்தியம் செய்த அன்றைக்கு நானும் ஒன்று செய்தேன். இன்னொரு தரம் குடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எண்ணூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அதனால் தினம் அவர் வாயை மோந்து பார்க்கிற வேலை எனக்கு ஓயவில்லை.

செப்டம்பர் 11, புதன்

துறைமுக ஒயர்லெஸ் ஆபீசிலிருந்து தாமதமாக வந்தார். கண் சிவந்திருந்தது. கேட்டால் சூரியனைக் கைகாட்டுகிறார்!

"காலைல சூரியன்ல பெரிய வெடிப்பு எல்சி. அந்த வெளிச்சம் பட்டதுமே ஒயர்லெஸ் செத்துப்போச்சு, ஒரு கப்பலும் கேக்கல. நின்ன சேதியெல்லாம் அனுப்பிட்டு வரேன். இத்தோட வுடாது. வெடிச்சதுல கெளம்புன தூளு வந்து சேர ரெண்டு நாளாவும். வந்தா பூமியோட காந்தத்தையே ஆட்டும். வெள்ளிக்கிழம நான் வூட்டுக்கு வரமாட்டேன், பாரு."

என்றைக்கு வீட்டுக்கு வரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்கிற மனுஷனை எவள் நம்புவாள்? வாடை இல்லை. ஆனால் வெற்றிலை போட்டிருந்தார். எதற்கு வெற்றிலை?

செப்டம்பர் 13, வெள்ளி

சொன்னபடியே வரவில்லை. அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறான். திசைகாட்டி ஊசி ஆடிச்சா என்று போய்க் கேட்டேன். "அப்டியே நிக்குது. உன் வூட்டுக்காரன் நல்லா காது குத்திகினு கீறான்" என்று சிரித்தான். வீடு திரும்பியதும் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ஒரு புடவை, ரெண்டு புடவை —

பக்கத்து வீட்டு ஜீனத் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பேஜாரா கீது எல்சி. சிலோன் பாட்டே வரல, ஒரே இரைச்சல். புதன்கிழம காலைலயும் கம்முனு பூட்ச்சு."

புதன்கிழமை காலையா?

செப்டம்பர் 14

வந்தார். வாடை இல்லை. ஊசி சேதியைச் சொன்னேன். "நம்ம ஊர்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் ஆடும், கண்ணுக்குத் தெரியாது. அத்தப் பாக்கத் தனிக் கருவி கீது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

ஜீனத் ரேடியோவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

இருட்டிய பிறகு வந்தார். வாய் நிறைய வெற்றிலை. செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் சூரியன்தான் எல்சி. காலைலேர்ந்து ஒயர்லெஸ் செத்துக் கெடக்குது."

ஜீனத் வீட்டில் சிலோன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலையிலும் கேட்டேன், சாயங்காலமும் கேட்டேன். துளி இரைச்சல் இல்லை.

இந்தத் தரம் வாயை மோந்து பார்க்கவில்லை. அவர் தூங்குகிறார். பெட்டியில் என் புடவைகள் போக இன்னும் இடம் இருக்கிறது, பிள்ளை சட்டையை அதில் வைக்கிறேன்.