பாங்கு சொன்ன அம்ப்ளிபயர்

ஜூலை 6, ஞாயிறு

கச்சான், மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று. வாசலெல்லாம் மணல். கல்முனையில், பழைய சாமான் கடையில், வால்வு அம்ப்ளிபயர் ஒன்று வாங்கினேன். நல்ல பாரம். பத்திரிகை வேலையில் ஓய்வு பெற்றபின் ஒரே ஆசை: பழைய பாட்டுகளை நல்ல சத்தத்தில் கேட்பது. போட்டால் பாட்டைவிட இரைச்சல் பெரிது. காரணம் புரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ரேடியோ திருத்தும் ஜலீல் வந்தார். அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்பார். மூடியைக் கழற்றியதும் சிரிப்பு.

"காக்கா, இது நம்மட பள்ளி மெசின்தானே! இதிலதான் அஞ்சு நேரத் தொழுகைக்கும் பாங்கு சொன்ன. புதிசு வந்த மறுகா வித்துட்டாங்க."

கெப்பசிட்டர் மாற்றம். வால்வுக் கால்கள் சுத்தம். இரைச்சல் பாதி போனது. மீதி?

"அது வயசு காக்கா. உங்கட முழங்காலப் போல."

தேநீரோடு வந்த மனைவி ஸபீனா நின்றுவிட்டாள்.

"பாங்கு சொன்ன மெசினில சினிமாப் பாட்டா? நான் இரிக்கிற வீட்டில ஏலா."

ரேடியோவில் அதே பாட்டு வந்தால் கூடவே முணுமுணுப்பவள். பெட்டி மாறினால் குற்றமா?

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து மௌலவியிடம் கேட்டேன்.

"மெசின் மெசின்தான். ஆனா ஸபீனா ராத்தா சொல்றதிலயும் ஒரு மரியாத இரிக்கி."

செய்தியாக எழுதினால் தலைப்பு வைக்க முடியாத பதில்.

வீட்டில் ஸபீனாவிடம் சமாதானம் பேசினேன். அப்ப வேறு என்னதான் போடலாம்?

"பொய் இல்லாத எதையும் போடுங்க."

ஜூலை 12, சனி

வெக்கை. செய்திக்காக ஒலிப்பதிவு செய்த என் பழைய கெசட் பெட்டியைத் திறந்தேன். பக்கத்தில் ஸபீனா.

– அமைச்சர், வீதி திறப்பு விழா. ("அந்த ரோட்டுலதான் நீங்க விழுந்த.")
– தேர்தல் கூட்டம், மூன்று. (பார்த்த பார்வையே போதும்.)
– கட்சி மாறமாட்டேன் என்றவரின் பேட்டி. (இருவரும் சிரித்தோம்.)

இவ்வளவையும் நான்தான் எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். எது செய்தி? குழப்பம்.

கடைசியில் ஒன்று: பாலமுனைக் கடற்கரை. மீனவரைப் பேட்டி காணப் போய், தோணி வரும்வரை ரெக்கோடரை நிறுத்த மறந்தது. கடல் மட்டும். போட்டேன். இரைச்சலும் அலையும் ஒன்றாகிவிட்டன.

"இதுல பொய் இல்ல," என்றாள். "ஆனா இதுக்கு இவ்வளவு பெரிய மெசினா? வாசலுக்குப் போனாக் கேக்குமே."

நிறுத்தப் போனேன்.

"இரிக்கட்டும்."

உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். பாட்டைப் பற்றி இப்போது கேட்கலாமா? தெரியவில்லை. கேட்கவில்லை.